கவுனியின் கறுப்பும் பொட்டலத்து வாக்கும்

கேள்வி: எங்கள் பக்கத்துக் கல்யாண விருந்தில் போடும் கவுனி அரிசியில் 'ஆந்தோசயனின்' என்ற சத்து இருக்கிறதாம். சர்க்கரை நோயைக் குணமாக்கும், புற்றுநோயைத் தடுக்கும் என்று பொட்டலத்திலேயே அச்சடித்து விற்கிறார்கள். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் என் வீட்டுக்காரருக்குத் தினமும் கொடுக்கலாமா? ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் சத்து போய்விடுமா? குக்கரில் வைக்கலாமா?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: தினமும் வேண்டாம், ஆச்சி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள், வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாக, இனிப்பில்லாமல், அளந்து கொடுங்கள். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

பொட்டலத்தில் சொல்லும் சத்து பொய்யில்லை. நாவல் பழத்துக்கும் கத்திரிக்காய்த் தோலுக்கும் நிறம் கொடுக்கும் ஃபிளாவனாய்டு என்ற தாவரச் சத்து வகைதான் ஆந்தோசயனின். கறுப்பரிசியில் அதில் பெரும்பங்கு சயனிடின்-3-குளுக்கோசைடு, கொஞ்சம் பியோனிடின்-3-குளுக்கோசைடு. இரண்டும் தவிட்டில்தான் இருக்கின்றன. ஓர் அரிசியைக் கடித்து உடைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளைவெளேர் என்றிருக்கும். அந்த வெள்ளைதான் நம் பிரச்சினை. செட்டிநாட்டுக் கவுனி பசையரிசி வகை. பர்மாவிலிருந்து வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள். பர்மாக்காரர்கள் பசையரிசிக்கு வைத்திருக்கும் 'கௌக்ஞின்' என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், காதில் உறைக்கும். பசையரிசியில் அமைலோஸ் என்ற, மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து மிகக் குறைவு. மாவு முழுக்க அமைலோபெக்டின் என்ற இன்னொரு வகை. குடலில் சீக்கிரம் உடைந்து சர்க்கரையாகிவிடும் ரகம் அது. தவிடு அதன் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். 'சர்க்கரைக்கு ஏற்ற அரிசி' என்று அச்சடித்தவர் ஒட்டாத அரிசியையா, ஒட்டும் அரிசியையா மனதில் வைத்தார் என்று தெரியவில்லை. இப்போது கறுப்பாக இருப்பதையெல்லாம் கவுனி என்றே விற்கிறார்கள். வெந்தபின் விரலில் பசையாக ஒட்டினால்தான் அது விருந்துக் கவுனி.

விருந்துக் கவுனியின் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு கப் அரிசி 200 கிராம், அதற்கு முக்கால் கப் சர்க்கரை 150 கிராம். ஆறு பேர் பங்கிட்டால் ஒருவருக்குச் சர்க்கரை 25 கிராம், அரிசி மாவுச்சத்து இன்னொரு 25 கிராம். ஒரு சின்னக் கிண்ணத்தில் 50 கிராம் உள்ளே போகிறது. மேலே தேங்காயும் நெய்யும் வேறு. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டேன் என்று சொல்லாதீர்கள், இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆராய்ச்சியே இல்லையா என்றால், இருக்கிறது. 2013-இல் எட்டு ஆண்களுக்கு அடையாளமிட்ட கார்பன் கொண்ட சயனிடின்-3-குளுக்கோசைடு 500 மில்லிகிராம் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். மூச்சிலும் சிறுநீரிலும் வெளிவந்ததை வைத்து, உடம்புக்குள் போனது சுமார் 12 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அதிலும் பெரும்பாலானது உருமாறி, சிறு அமிலங்களாக உடைந்துதான் இரத்தத்தில் சுற்றியது. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்லின் மேல் நேராக ஊற்றிக் கொன்றதை வைத்து 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று எழுதுகிறார்களே, அந்த அடர்த்தி சாப்பாட்டுத் தட்டிலிருந்து இரத்தத்துக்கு வந்து சேர்வதில்லை. பொட்டலத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

சர்க்கரை விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. சீனாவில் 58 சர்க்கரை நோயாளிகளுக்கு ஆந்தோசயனின் 160 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 24 வாரம் கொடுத்த சோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 8.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அது பில்பெரி, கறுப்புக் கரண்ட் பழங்களிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரை. கூடவே சோறு வரவில்லை. அந்த முடிவை எடுத்து அரிசிப் பொட்டலத்தில் ஒட்டுவது, பாலின் பெருமையைச் சொல்லிப் பால்கோவா விற்பது மாதிரி.

சமையலுக்கு வருவோம். இந்த நிறம் தண்ணீரில் கரையும். ஆகவே தூசி போக ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, விறுவிறுவென்று அலசினால் போதும். தண்ணீர் தெளிகிற வரை கழுவுகிறேன் என்று இறங்கினால் தெளியவே தெளியாது, நிறம்தான் போகும். ஒரு கப் அரிசிக்கு மூன்று கப் தண்ணீரை ஊற்றி எட்டு மணி நேரம் ஊறவிட்டு, அதே தண்ணீரோடு வேகவையுங்கள். கொட்ட வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் இரவு முழுக்க வெளியே வைத்தால் புளித்த வாடை வரும்; ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள். ஊறல் குறைந்தால் தவிட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்காது. வெளியே குழைந்து, நடுவில் நறுக்கென்று நிற்கும்.

குக்கரில் வைக்கலாம். 2009-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், குக்கரில் வேகவைத்தபோது சயனிடின்-3-குளுக்கோசைடு சுமார் 80 சதவீதமும், சாதாரணப் பாத்திரத்தில் அடுப்பில் வைத்தபோது 65 சதவீதமும் அழிந்தது. எப்படி வைத்தாலும் பெரும்பகுதி போகிறது. மிஞ்சும் 15 சதவீத வித்தியாசத்துக்காக ஒன்றரை மணி நேரம் கேஸ் எரிப்பது என் கணக்கில் வீண். அழிந்தது முழுக்கப் பாழும் இல்லை. அதே ஆய்வில் புரோட்டோகட்டேச்சுயிக் அமிலம் மூன்று மடங்கு வாக்கில் கூடியது. உடம்புக்குள் இந்த நிறம் உடைந்தாலும் கிடைக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி 20 நிமிடம். பிரஷர் தானாக அடங்கியபின் திறந்து, சூட்டோடு கரண்டியால் மசியுங்கள்.

சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடாதீர்கள். சோடாவின் காரத்தன்மை பட்டால் நிறம் நீலப்பச்சையாகத் திரிந்து சிதையும். இரும்புச் சட்டியும் வேண்டாம், கருநீலமாகிவிடும். விருந்துக்கு இனிப்பாகச் செய்தால், அரிசி முழுக்க வெந்தபிறகுதான் சர்க்கரை. முன்னால் போட்டால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் அரிசி விறைத்தே இருக்கும்.

வீட்டுக்காரருக்கு வேகவைக்காத கவுனி அரிசி 40 கிராம் அளந்து, கஞ்சியாக வைத்து, உப்புப் போட்டு, ஆறியபின் மோர் விட்டுக் கொடுங்கள். மோரின் புளிப்பில் இளஞ்சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். தொட்டுக்கொள்ள வெண்டைக்காய் மண்டி போதும், அப்பளம் வேண்டாம். முதல் தடவை கொடுக்கும்போது சாப்பிடுமுன் ஒரு முறையும், முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் வீட்டுக் கருவியில் சர்க்கரையைப் பாருங்கள். இன்னொரு நாள் அதே 40 கிராம் வெள்ளைப் பச்சரிசிக் கஞ்சியோடு அதே மாதிரி பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எது தோது என்று பொட்டலத்தைவிட அந்த நான்கு எண்கள் சரியாகச் சொல்லும்.

சாயம் ஏற்றிய அரிசியோ என்று சந்தேகம் வந்தால், ஊறவைத்த தண்ணீரை இரண்டு கிண்ணத்தில் எடுத்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்கள். முதலாவது சிவந்து, இரண்டாவது நீலமோ பச்சையோ ஆனால் கவுனியின் சொந்த நிறம். இரண்டிலும் அசையாமல் இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் வெள்ளையரிசியைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். ஏலக்காய் எவ்வளவு தட்டிப் போட்டாலும் அது மறையாது.