மூக்கு ஆபரேஷன்: திறந்த முறையா, மூடிய முறையா?

மூக்குத்தண்டில் இருக்கும் மேட்டைக் குறைத்து நுனியையும் சரிசெய்ய வேண்டும், ஒரு டாக்டர் திறந்த முறை என்கிறார், இன்னொருவர் மூடிய முறை என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

மூடிய முறையில் வெட்டு எல்லாம் மூக்குத் துவாரத்துக்கு உள்ளேயே. வெளியே தழும்பு இருக்காது, வீக்கமும் பொதுவாகச் சீக்கிரம் வடியும். மேட்டை மட்டும் கொஞ்சம் சீவினால் போதும் என்றால் இதுவே தாராளம்.

திறந்த முறையில் துவாரங்களுக்கு நடுவே இருக்கிற சின்னத் தூணிலும் குறுக்காக வெட்டி, தோலைப் போர்வை மாதிரி மேலே தூக்குவார்கள். நுனியின் குருத்தெலும்புகள் அப்படியே கண்ணுக்குத் தெரியும். இடது வலது ஒப்பிட்டுத் தையல் போடலாம், காதிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ எடுத்த குருத்தெலும்புத் துண்டைப் பொருத்தலாம். நுனி கோணலாக இருந்தால், அல்லது இது இரண்டாவது ஆபரேஷன் என்றால், நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். தழும்பு பெரும்பாலும் மெல்லிய கோடாக மங்கிவிடும் (தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்). ஆனால் நுனி சில மாதம் மரத்த மாதிரி இருக்கலாம், வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும், தோல் தடிமனானவர்களுக்கு அதற்கு மேலும்.

மூச்சடைப்பு இருந்தால் நடுச்சுவர் வளைவை எந்த முறையிலும் சேர்த்தே சரிசெய்யலாம். அப்புறம், இரண்டு டாக்டர்களிடமும் அவரவர் கை எந்த முறையில் பழகியது என்று கேளுங்கள், ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்து எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். கட்டுப் பிரித்த அன்றைய படம் எதற்கும் உதவாது.