பென்சிலை உள்ளே வையுங்கள், ஆச்சி

கேள்வி: எனக்கு வயது 58. சின்ன வயதில் பாட்டு கற்றேன். ஐந்து கட்டை ஸ்ருதியில் பாடுவேன். பேத்தி விட்டுப்போன 61 கட்டைக் கீபோர்டில் பியானோ பழகுகிறேன். புத்தகத்தில் ஒவ்வொரு நோட்டுக்குக் கீழும் ச, ரி, க என்று எழுதிக்கொண்டால் வாசிக்க வருகிறது. எழுதாவிட்டால் கை நின்றுவிடுகிறது. வாத்தியார் இல்லாமல் நோட்டு படிக்கக் கற்க முடியுமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முடியும். ஆனால் முதலில் அந்தப் பென்சிலை உள்ளே வையுங்கள், ஆச்சி. கீழே எழுத்து இருக்கும்வரை கண் அதைத்தான் படிக்கும். மேலே உள்ள ஐந்து கோட்டை ஏறெடுத்தும் பார்க்காது. காரைக்குடியில் என்னிடம் வரும் பிள்ளைகளோடும் இதே பாடுதான்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து கட்டையில் பாடுகிறவர் காதுக்கு ச என்பது மேற்கத்திய சுரப் பெயரில் ஜி. தாளில் நீங்கள் ச என்று எழுதுவது அநேகமாக சி, அதாவது ஒரு கட்டை. காது ஒன்று சொல்ல, பென்சில் வேறொன்று சொல்கிறது. நம் ஸட்ஜம், அதாவது ச, பாடுகிறவருக்கு ஏற்ப இடம் மாறும். அந்தக் கோடுகளில் ஜி என்றால் எப்போதும் ஜிதான்.

அதையே உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். மேல் ஐந்து கோட்டின் தொடக்கத்தில் உள்ள குறியான ட்ரெபிள் கிளெஃபின் சுழி கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்கிறது, பாருங்கள். அந்தக் கோடு ஜி. உங்கள் மேல் ஸட்ஜம். கீழ் ஐந்து கோட்டின் குறி பேஸ் கிளெஃப். அதில் கீழிருந்து நான்காவது கோட்டுக்கும் ஐந்தாவது கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஜி. அது உங்கள் ஆதார ஸட்ஜம். இரண்டு கிளெஃபுக்கும் இடையே தனிச் சிறு கோட்டில் நிற்பது மிடில் சி. உங்கள் கீபோர்டு சியில் தொடங்குவதாக இருந்தால் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது சி. 88 கட்டைப் பியானோவில் நான்காவது. இந்த மூன்று இடங்கள் போதும்.

மற்றதெல்லாம் தூரம்தான். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் பக்கத்து வெள்ளைக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவே ஒரு வெள்ளையை விட்டு அடுத்தது. பெயர் சொல்லாமல், ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். ஷார்ப் (♯), ஃபிளாட் (♭) குறிகள் இல்லாத பாட்டுகளில் தொடங்குங்கள். கையைக் குனிந்து பார்க்க வேண்டாம். கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகத்தானே இருக்கின்றன, விரலே தடவிக் கண்டுபிடிக்கும்.

பாட்டு கற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு முறை வாசித்ததும் உங்களுக்கு மெட்டு மனப்பாடமாகிவிடும். அப்புறம் நீங்கள் படிக்கவில்லை, ஞாபகத்தில் வாசிக்கிறீர்கள். ஆகவே தினமும் தெரியாத பாட்டு வேண்டும், நாலு வரி போதும். மேற்கத்திய இசையின் தொடக்க நிலையான கிரேடு 1 தேர்வுக்கான சைட் ரீடிங் (முதல்முறை பார்த்ததும் வாசிப்பது) புத்தகங்கள் இதற்குத் தோதானவை. வாசிக்குமுன் கையால் தட்டிப் பாருங்கள்: நான்கு எண்ணிக்கைத் தாளத்தில், காம்பு உள்ள கருப்புக் குமிழுக்கு ஒன்று, காம்பு உள்ள வெற்றுக் குமிழுக்கு இரண்டு, காம்பே இல்லாததற்கு நான்கு. தாளம் உங்களுக்கு ஏற்கெனவே கையில் இருப்பதால் இது சீக்கிரம் வந்துவிடும்.

வீட்டில் ஐயா காலத்துப் பியானோ எதுவும் இருந்தால் இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். ஸ்ருதி இறங்கியிருக்கும், உங்கள் காதுக்கு அது கொடுமை.

மணிக்கட்டு வலித்தால் மட்டும் வாத்தியார் ஒருவரிடம் ஒருமுறை கையைக் காட்டிவிடுங்கள். அதைப் புத்தகம் திருத்தாது.