அம்மாவின் குமட்டலுக்கு மணிக்கட்டுப் புள்ளி: அந்த மூன்று விரல் யாருடையது?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கீமோ நடக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நான்கைந்து நாள் குமட்டல் படுத்தி எடுக்கிறது. மணிக்கட்டுக்கு மேல் மூன்று விரல் தள்ளி அழுத்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு வீடியோவில் இரண்டு விரல் என்கிறார்கள், இன்னொன்றில் இரண்டு அங்குலம். எது சரி? கைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? அந்த இடத்தில் அக்குபஞ்சர் ஊசியே போட்டுக்கொண்டால் சீக்கிரம் கேட்குமா? நாங்கள் விசாரித்த ஒருவர், வாந்தி மாத்திரையை நிறுத்தினால்தான் புள்ளி வேலை செய்யும் என்றார். குழப்பமாக இருக்கிறது.

பதில்: அழுத்தலாம். வலது கையில் மட்டும் அழுத்துங்கள். அம்மாவின் விரலால் அளந்து இடத்தைப் பிடியுங்கள். கீமோ முடியும்வரை, புற்றுநோய் மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் அக்குபஞ்சர் ஊசி வேண்டாம். மாத்திரையை நிறுத்தவே கூடாது. அடுத்த சுற்று நாளைக்கே என்றால் இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் புள்ளியின் சீனப் பெயர் நெய்குவான். ‘உள்வாசல்’ என்று பொருள் சொல்லலாம். நம்மூர் அக்குபஞ்சர்காரர்கள் பி6 அல்லது பி.சி.6 என்பார்கள். சீன முறையில் நீளத்தைச் ‘சுன்’ என்ற அளவால் சொல்வது வழக்கம். நெய்குவான் இருப்பது மணிக்கட்டுக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு சுன் தள்ளி. ஆங்கிலத்துக்குப் போனபோது சுன் அங்குலமாகிவிட்டது. அதைக் கேட்டவர்கள் ஸ்கேலை வைத்து இரண்டு அங்குலம் அளக்கிறார்கள். சுன் ஸ்கேலில் அடங்கும் அளவு இல்லை. யாருக்குப் புள்ளி பார்க்கிறோமோ அவர் உடம்பிலிருந்தே எடுக்க வேண்டிய அளவு அது. அவருடைய கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தால் ஒன்றரை. மோதிர விரலையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு. சுண்டு விரலோடு நான்கும் சேர்ந்தால் மூன்று. நம் விரற்கடைக் கணக்கு மாதிரிதான். எறும்புக்கும் தன் கையால் எண்சாண் என்பார்களே, அதே நியாயம். ஆகவே பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரி. ஆனால் அந்த மூன்று விரல் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். அம்மா சிறுகூடாக இருந்து உங்கள் கை பெரிதாக இருந்தால், உங்கள் விரல் அளவு அடுத்த புள்ளியின் பக்கம் கொண்டுபோய்விடும். அது மூன்று சுன்னிலேயே இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான்.

சரிபார்க்க ஒரு நூல் போதும். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்புவரை உள்ள நீளத்தை யாராக இருந்தாலும் 12 சுன் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். அம்மாவின் கையில் அந்த நீளத்துக்கு நூலை வெட்டி, மூன்றாக மடித்து, மறுபடி பாதியாக மடியுங்கள். ஆறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு சுன் கிடைத்துவிடும். விரல் அளவும் நூல் அளவும் அரை விரல் முன்பின்னாக இருந்தால் கவலைப்படாதீர்கள். அந்தச் சுற்றுவட்டத்தில் அழுத்திப் பார்த்து, எங்கே லேசாக மதமதப்பும் கனமும் தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

இப்போது இடம். அம்மா உள்ளங்கையை மேலே பார்க்க வைக்கட்டும். மணிக்கட்டில் இரண்டு மூன்று கோடுகள் இருந்தால், உள்ளங்கைக்கு மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையின் மூன்று விரல்களை அந்தக் கோட்டை ஒட்டி, கைக்குக் குறுக்காக வைக்க வேண்டும். மோதிர விரல் கோட்டின் மேல், ஆள்காட்டி விரல் முழங்கைப் பக்கம். ஆள்காட்டி விரல் முடியும் இடத்தில், கையின் நட்டநடுவில் இரண்டு தசைநாண்கள் கயிறு போல ஓடும். கட்டைவிரலையும் சுண்டு விரலையும் தொட வைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கச் சொன்னால் புடைத்துக்கொண்டு தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் நெய்குவான். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு தசைநாண் இருக்காது. ஒன்றுதான் தெரிகிறது என்றால் அதை ஒட்டி, சுண்டு விரல் பக்கமாக வையுங்கள்.

கட்டைவிரலின் சதைப் பகுதியால் அழுத்துங்கள், நகம் படக் கூடாது. அழுத்தம் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. சின்ன வட்டமாக உருட்டியபடி இரண்டு மூன்று நிமிடம். குமட்டல் முற்றிய பிறகு தொடங்குவதைவிட முன்கூட்டியே தொடங்குவது நல்லது: கீமோவுக்குக் கிளம்பும் முன், வண்டியில் போகும்போது, சாப்பாட்டு வாசனை வரும் முன். அம்மாவுக்குச் சோர்வாக இருக்கும், அதனால் நீங்களே பிடித்துவிடுங்கள்.

இடது கை கூடாது என்பதற்குக் காரணம் அந்த நெறிக்கட்டிகள். அவற்றை எடுத்த பக்கத்தில் நிணநீர் வடிவது குறைந்திருக்கும், கை வீங்கும் ஆபத்து உண்டு. அந்தக் கையில் ஊசி, இறுக்கமான பட்டை, அழுத்தம் எதுவும் வேண்டாம். மருந்துக் கடைகளில் பிளாஸ்டிக் குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டை கிடைக்கும். அதையும் வலது கையில் மட்டும் போடுங்கள், தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் ஆகாது. வலது கையில் டிரிப் ஏறும் நாளில் அந்தக் கையையும் விட்டுவிட்டுக் காலுக்குப் போகலாம். முழங்கால் சில்லுக்குக் கீழே அம்மாவின் நான்கு விரல் அளவு, கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம். சு சான் லி என்று பெயர். சீன மரபு சொல்லும் வயிற்றுப் பாதையின் 36ஆம் புள்ளி. கால் ஒன்று மட்டும் வீங்கியோ வலித்தோ இருந்தால் தொடாதீர்கள், நாளத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி.

சீன மரபில் உடம்புக்குள் ‘சி’ என்ற ஓட்டம் பாதைகளில் போகிறது. வயிற்றின் சி கீழே இறங்க வேண்டும். அது எதிர்த்து மேலே ஏறினால் குமட்டல், ஏப்பம், வாந்தி. நெய்குவான் இருக்கும் பாதைக்கு இதய உறைப் பாதை, அதாவது பெரிகார்டியப் பாதை என்று பெயர். மார்பில் தொடங்கி உதரவிதானத்தைக் கடந்து வயிற்றுக்குள் ஒரு கிளை இறங்குகிறது. இன்னொரு கிளை கைவழியாக நடுவிரல் நுனிவரை போகிறது. அதில் ஒன்பது புள்ளிகள். ஒரே பாதை மார்பையும் வயிற்றையும் கையையும் தொடுவதால், கையில் தட்டினால் வயிற்றில் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. நெஞ்சு, இதயம், வயிறு மூன்றின் தொல்லைக்கும் நெய்குவானைப் பழைய மருத்துவர்கள் எடுத்ததற்கு இதுதான் அடிப்படை.

இந்தப் பாதைகள் வானத்திலிருந்து முழுதாக இறங்கிவிடவில்லை. 1973இல் ஹூனான் மாகாணத்து சாங்ஷா நகரில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் பதினொரு பாதைகள்தான் இருக்கின்றன. புள்ளிகளே இல்லை. ஊசியும் இல்லை, மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் முறை மட்டும் இருக்கிறது. விடுபட்ட பன்னிரண்டாவது பாதை எது தெரியுமா? உங்கள் அம்மாவின் கையில் நாம் தேடும் இதே இதய உறைப் பாதை. பிறகு சீனாவின் ஹான் அரசர்கள் காலத்தில் தொகுக்கப்பட்ட ஹுவாங்டி நெய்ஜிங் என்ற மருத்துவ நூலின் லிங்ஷு பகுதியில்தான் அது சேர்ந்து பன்னிரண்டு ஆகிறது. அந்தப் பன்னிரண்டையும் சீனாவின் பன்னிரண்டு ஆறுகளோடு பொருத்திக் காட்டுகிறார்கள். நெய்குவான் என்ற பெயரும் லிங்ஷுவில் வந்துவிடுகிறது. பிறகு சீனாவை ஆண்ட சோங் அரசு, 1027இல் மருத்துவ மாணவர்களுக்காக, புள்ளிகளில் துளையிட்ட வெண்கல மனித உருவங்களை வார்த்தது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்தும் தொட்டும் கூட்டியும் திருத்தியும் வந்த வரைபடம் இது. அதைத் தெரிந்துகொண்டால் எனக்கு அதன்மேல் மதிப்பு கூடுகிறதே தவிர குறையவில்லை.

‘மெரிடியன்’ என்ற சொல்கூடச் சீனத்தில் இல்லை. சீனாவில் பிரெஞ்சுத் தூதரகத்தில் பணியாற்றிய சூலியே தெ மொரான் என்பவர் கடந்த நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்புகள் வழியாகப் பரவியது அது. நில வரைபடத்துத் தீர்க்கரேகையைக் குறிக்கும் சொல். சீனர்கள் சொன்னது ‘மை’, நாளம் என்று வைத்துக்கொள்ளலாம். உடலை அறுத்துப் பார்த்தால் இந்தப் பாதைக்கென்று தனிக் குழாய் எதுவும் கிடைக்காது. ஆனால் நெய்குவானுக்கு நேர் கீழே மீடியன் நரம்பு ஓடுகிறது. அழுத்தம் அதைத் தூண்டும். சேதி மூளைவரை போகும். வாந்தியை ஆள்வதும் மூளைத்தண்டுதான். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அந்த வழியாகவே விளக்கம் தேடுகிறார்கள்.

புள்ளி இடங்களிலும் நாட்டுக்கு நாடு பேதம் இருந்தது. சீனா, ஜப்பான், கொரியா நிபுணர்கள் பல ஆண்டுகள் பேசி, உலக சுகாதார நிறுவனம் 2008இல் 361 புள்ளிகளின் இடங்களை வெளியிட்டது. அப்போதும் ஆறு புள்ளிகளில் உடன்பாடு வரவில்லை. அந்த ஆறில் இரண்டு இதே இதய உறைப் பாதையின் கடைசிப் புள்ளிகள். நெய்குவானில் தகராறு இல்லை.

சரி, உண்மையிலேயே கேட்குமா? அக்குபஞ்சரில் நெய்குவான் அளவுக்குச் சோதித்துப் பார்த்த புள்ளிகள் குறைவு. பெல்ஃபாஸ்டில் மயக்க மருத்துவர் டண்டீயின் குழு 1986இல் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாந்திக்கு இதைப் பரிசோதித்து வெளியிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 மதிப்பாய்வு 59 பரிசோதனைகளை, 7,667 பேரை வைத்து அலசியது. போலிச் சிகிச்சையைவிட நெய்குவான் தூண்டல் அறுவைக்குப் பிந்தைய குமட்டலையும் வாந்தியையும் குறைத்தது. சான்றின் தரம் உயர்ந்ததல்ல என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். கீமோ குமட்டலில் முடிவு கலவையாக இருக்கிறது. 11 பரிசோதனைகளைத் தொகுத்த 2006 மதிப்பாய்வில், விரல் அழுத்தம் முதல் நாள் குமட்டலைக் குறைத்தது தெரிந்தது. ஆனால் பிரிட்டனில் 500 கீமோ நோயாளிகளிடம் மணிக்கட்டுப் பட்டையைச் சோதித்து 2013இல் வெளியிட்டபோது, நிஜப் பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் வெறும் மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. இந்த முடிவை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியிருந்தும் ஏன் அழுத்தச் சொல்கிறேன்? செலவில்லை, சரியாகச் செய்தால் கெடுதலில்லை, சிலருக்கு நிஜமாகவே கேட்கிறது. குமட்டலோடு படுத்திருக்கும் அம்மாவின் கையை மகள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் சிகிச்சையில் சேரும் என்று நான் நம்புகிறேன்.

ஊசி வேறு விஷயம். கீமோவில் வெள்ளையணுக்கள் குறையும். சின்னத் துளை வழியாகக்கூடக் கிருமி உள்ளே போகலாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்தால் குத்திய இடத்தில் ரத்தம் கசியும், தோல் கன்றிப்போகும். நெய்குவானில் ஆழமாகப் போனால் மீடியன் நரம்பில் பட்டு விரல் நுனிவரை ஷாக் அடித்த மாதிரி இருக்கும். புற்றுநோய் மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஒப்புக்கொண்டு, பயிற்சி பெற்றவர் புது ஊசியால் போடுவதானால் மட்டும் யோசிக்கலாம். பிளேட்லெட் குறைவு என்று சொன்ன வாரத்தில் விரல் அழுத்தத்தையும் மென்மையாக்குங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னவரிடம் மறுபடி போகாதீர்கள். நான் மேலே சொன்ன கீமோ பரிசோதனைகளில் வாந்தி மருந்து கொடுத்துக்கொண்டேதான் புள்ளியைச் சோதித்தார்கள். மருந்து இருந்தால் புள்ளி வேலை செய்யாது என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. ஆன்டன்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் போன்ற வாந்தி மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் பல பேரால் கீமோவை முழுச் சுற்றும் தாங்க முடிந்தது. பாதியில் நிறுத்தினால் குமட்டல் முற்றி, அடுத்த சுற்று தள்ளிப்போகலாம். அந்த இழப்பை எந்தப் புள்ளியாலும் ஈடுகட்ட முடியாது.

அம்மாவுக்கு நான்கைந்து நாள் நீடிக்கிறது என்றால் அது தாமதக் குமட்டல். முதல் 24 மணி நேரத்தில் வருவதற்கும் இதற்கும் கொடுக்கும் மருந்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே குமட்டினால் அது மூன்றாவது வகை, அதற்கும் தனி வழி உண்டு. ஒரு நோட்டில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை முறை, எதைச் சாப்பிட்ட பிறகு, புள்ளியை அழுத்தியபின் குறைந்ததா என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் அதைக் காட்டி, ‘தாமதக் குமட்டலுக்கு மருந்தை மாற்றலாமா?’ என்று கேளுங்கள். தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்கத் தங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.