டிராக் ரேஸ் (drag race, நேர்கோட்டு வேகப் போட்டி) காரில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, என்னுடையது 1968 செவர்லே கமாரோ கார். பேட்டரியை டிக்கிக்கு மாற்றி, காரின் மொத்த கரண்டையும் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சும் பின்னால் போட்டாயிற்று. இன்ஜின் ஓடும்போது அணைத்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. சுவிட்ச் மோசமா?

பதில்: சுவிட்சில் குறையே இல்லை தம்பி. உங்கள் ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிப்பது) சார்ஜ் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் ஸ்டார்ட்டர் போல்ட்டில்தான் இருக்கும். அப்படியென்றால் நீங்கள் பேட்டரியைத்தான் துண்டிக்கிறீர்கள், ஆல்டர்னேட்டர் பாட்டுக்கு இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த வயரை அங்கிருந்து கழற்றி, தனியாகப் பின்னால் இழுத்து, சுவிட்சில் பேட்டரி கேபிள் வந்து சேரும் அதே போல்ட்டில் மாட்டுங்கள். இனி அணைத்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டும் ஒரு பக்கம், மொத்த காரும் மறுபக்கம், இன்ஜின் உடனே அடங்கும். சுவிட்சை அணைத்த பிறகும் இந்த வயரில் கரண்ட் இருக்கும், அதனால் பேட்டரி முனையிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம் போடுங்கள்.

என் முதல் காரிலும் இதேதான். டெக் சோதனையில், அதாவது போட்டிக்கு முன் காரின் பாதுகாப்பைப் பார்க்கும் சோதனையில், அதிகாரி பம்பர் பக்கம் குனிந்து சுவிட்சைத் திருப்பினார், இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, ஒன்றும் சொல்லாமல் அடுத்த காருக்குப் போய்விட்டார். அன்று ஒரு ஓட்டம்கூட ஓடவில்லை.

கேள்வி: சுவிட்சை நெகட்டிவ் பக்கம் வைத்தால் வேலை சுலபம் இல்லையா?

பதில்: வேண்டாம். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி பாசிட்டிவ் பக்கம் என்றே சொல்கிறது. நெகட்டிவைத் துண்டித்தாலும் ஆல்டர்னேட்டருக்கு இன்ஜின் பிளாக் வழியாக எர்த் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: சிவப்புச் சாவி வைத்த பிளாஸ்டிக் சுவிட்ச் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

பதில்: பிளாஸ்டிக்கும் கூடாது, சாவி வைத்ததும் கூடாது. கார் சுவரில் மோதிக் கிடக்கும்போது ஓடி வருகிறவருக்கு உங்கள் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர் காரின் பின்முனைக்கு வந்து கைக்கு எட்டுவதைத்தான் தொடுவார். அதனால்தான் சுவிட்ச் வெளியிலிருந்து எட்ட வேண்டும், ஆஃப் எந்தப் பக்கம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், தள்ளுகிற கம்பி வைத்தால் உள்ளே தள்ளும்போது அணைய வேண்டும், இழுத்தால் அணைகிற மாதிரி வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: டிக்கியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை 4 கேஜ் கேபிள் போதுமா?

பதில்: போதாது. 15 அடி தூரம், ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 4 கேஜில் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும், அதைவிடத் தடித்த 1/0 கேஜ் கேபிளில் 0.3 வோல்ட்தான். இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்த வித்தியாசம் ஸ்டார்ட்டரில் நன்றாகவே தெரியும். வெல்டிங் கேபிள் வாங்குங்கள், நன்றாக வளையும். தகடு வழியாகப் போகும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போடுங்கள்.

கேள்வி: இக்னிஷன் பாக்ஸின் (ஸ்பார்க் பிளக்குகளுக்கான மின்பொறியை இயக்கும் பெட்டி) தடித்த சிவப்பு வயரை நேராகப் பேட்டரியில் மாட்டச் சொல்லி அதன் குறிப்பில் இருக்கிறதே?

பதில்: சுவிட்ச் இல்லாத காருக்கு அது சரி. உங்கள் காரில் அதை சுவிட்சின் கார் பக்கத்து போல்ட்டில் மாட்டுங்கள். ஃபியூவல் பம்ப், ஃபேன் எல்லாமே அங்கேதான். முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, லைட், ஃபேன், பம்ப் எல்லாவற்றையும் போட்டுவிட்டு சுவிட்சை அணையுங்கள், ஒரு பல்பு மினுக்கினாலும் அந்த வயரைத் தேடிப் பிடியுங்கள்.