வேலையை விட்டுத் தூண்டில் எடுக்கலாமா?

கேள்வி: பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, ஃப்ளை ஃபிஷிங்கும் (இறகு சுற்றிய போலிப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது) அதைப் பற்றி எழுதுவதுமாகவே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். முதலில் எதைச் செய்வது?

பதில்: ராஜினாமாவைத் தள்ளிப் போடுங்கள். ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். பல பத்திரிகைகள் கட்டுரையை ஏற்றவுடன் பணம் தருவதில்லை. அச்சான பிறகே தருகின்றன. மீன்பிடிப் பருவத்துக்கான இதழை மாதக்கணக்கில் முன்பே திட்டமிடுகிறார்கள். ஆகவே இன்று எழுதியதற்கு அடுத்த வருடம் காசு வரலாம். 18 மாதச் செலவுக்குப் பணம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். வேலையோடு நூலக வசதியும் மின்னஞ்சலும் போய்விடும். வேண்டியதை முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அனுப்பும் கட்டுரைகளெல்லாம் "ஆய்வுக் கட்டுரை போல இருக்கிறது" என்று திரும்பி வருகின்றன. என்ன செய்வது?

பதில்: "நீரோட்ட வேறுபாட்டால் மிதவைப் பூச்சியின் இயக்கம் பாதிக்கப்படுவதாகக் காணப்படுகிறது" என்று எழுதியிருப்பீர்கள். அதையே, "நடு ஆற்றின் வேகம் நூலை இழுத்தது, பூச்சி தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு போனது, மேலே வந்த டிரௌட் மீன் திரும்பிக்கொண்டது" என்று எழுதிப் பாருங்கள். அடுத்த பத்தியில், நூலின் நடுப்பகுதியைத் தூக்கி மேல்நீரோட்டப் பக்கம் போட்டால் இழுவை குறையும் என்று சொல்லுங்கள். வாசகர் காசு கொடுப்பது அதற்குத்தான். "எனலாம்", "கருதப்படுகிறது" இரண்டையும் வெட்டுங்கள். முன்னோர் ஆய்வுகளைப் பட்டியலிடும் பத்தியை மொத்தமாகவே தூக்கிவிடலாம், யாரும் தேடமாட்டார்கள்.

கேள்வி: வீசும்போது சாட்டை சொடுக்கியது போல் சத்தம் கேட்கிறது. பார்த்தால் பூச்சியைக் காணோம்!

பதில்: அவசரம்தான். இந்த முறையில் இறகு சுற்றிய பூச்சிக்கு எடையே இல்லை. கனமான நூல்தான் அதைச் சுமந்து போகிறது. பின்வீச்சில் நூல் முழுதாக நீளும் முன்பே கோலை முன்னுக்குத் தள்ளினால், நூலின் நுனி சடாரென்று திரும்பிப் பூச்சி அறுந்து போகும். கடிகார முகத்தை மனதில் வைத்து, கோலை 10 மணியிலிருந்து 1 மணிக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். தலையைத் திருப்பி நூலைப் பாருங்கள்; வெட்கம் வேண்டாம். வளையம் அவிழ்ந்து நூல் நேரான பிறகு முன்னுக்கு வாருங்கள். வெளியே விட்ட நூல் கூடக்கூடக் காத்திருப்பும் கூட வேண்டும்.

9 அடி நீள 5ஆம் எண் கோல் (எண் என்பது அதற்கேற்ற நூலின் கனம்), 9 மீட்டர் நூல், முள்ளுக்குப் பதில் ஒரு கம்பளித் துணுக்கு: இவற்றோடு புல்வெளியில் பழகினால் போதும். அறுபடாமல் நுனி நூலில் தானாக முடிச்சு விழுகிறதென்றால் கோளாறு வேறு: முன்வீச்சில் பாதியில் வெடுக்கென்று பலம் கொடுக்கிறீர்கள். பலத்தைச் சீராக ஏற்றி, கடைசியில் நிறுத்துங்கள். முடிச்சு விழுந்த இடத்தில் நூலின் வலு வெகுவாகக் குறையும், எனவே அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிது கட்டுங்கள்.