மேம்பாலத்தின் கீழ் இருமும் பெரியவரை எங்கே அழைத்துப் போவது?

வாசகி கேள்வி: எங்கள் தெருமுனையில் மேம்பாலத்தின் கீழ் ஒரு பெரியவர் இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறார். வயது அறுபது இருக்கலாம். இரண்டு மாதமாக விடாமல் இருமுகிறார், ஆள் பாதியாக இளைத்துவிட்டார். டிபியாக இருக்குமோ, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. அவரிடம் ஆதார், ரேஷன் கார்டு எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையில் பார்ப்பார்களா? ‘5,000 ரூபாய் கொடுங்கள், வேனில் ஏற்றி ஒரு ஹோமில் விட்டுவிடுகிறோம்’ என்று ஒருவர் சொல்கிறார். குடியிருப்போர் சங்கத்தில் பணம் திரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்? (சென்னை)

பதில்: அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் பணம் திரட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே சளியைச் சோதிக்க வேண்டும். உங்கள் பெரியவருக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது, உடம்பும் இளைத்திருக்கிறது. அதனால் டிபி சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் சோதிக்காமல் டிபி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சளி பிடிக்க ஒரு சின்ன டப்பா தருவார்கள். அங்கேயே ஒரு தடவை, மறுநாள் காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு ஒரு தடவை, ஆக இரண்டு மாதிரி வேண்டும். எச்சில் உதவாது, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளிதான் வேண்டும். ட்ரூநாட் என்ற கருவியில் வைத்தால் சில மணி நேரத்தில் டிபி உண்டா என்று தெரிந்துவிடும், முக்கியமான ஒரு மருந்து அவருக்கு வேலை செய்யுமா என்பதும் தெரியும். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

அதற்குள் யாராவது இரக்கப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் இருமலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். குறிப்பாக லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள். டிபி கிருமியை அவை கொஞ்சம் அடக்கி வைக்கும், சளியில் கிருமி தெரியாமல் போகும், நோய் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆதார் விஷயத்துக்கு வருகிறேன். ஆதார் இல்லை என்பதற்காக டிபி பரிசோதனையையோ சிகிச்சையையோ மறுக்கக் கூடாது. ஆனாலும் சீட்டு போடும் இடத்தில் கேட்பார்கள். ‘அட்ரஸ் என்ன, கூட யார் வந்திருக்கீங்க?’ இந்த இரண்டு கேள்வியைக் கேட்டே நோயாளியைத் திருப்பி அனுப்பியதை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கோபம்தான் வருகிறது. அதனால் பெரியவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களோ வேறு ஒருவரோ கூடப் போங்கள். முகவரி கேட்டால் அவர் படுக்கும் இடத்தைச் சொல்லுங்கள், மேம்பாலத்தின் பெயர், எத்தனையாவது தூண், எந்தக் கடைக்கு எதிரில் என்று. தொடர்பு எண்ணுக்கு உங்கள் கைபேசி எண்ணைக் கொடுங்கள். மறுத்தால் 1800 11 6666 என்ற டிபி இலவச உதவி எண்ணுக்கு அங்கேயே நின்றபடி பேசுங்கள்.

அடுத்து உங்கள் சங்கத்தார் கேட்பது: இவரை இங்கேயே வைத்துக்கொண்டு எப்படிக் குணப்படுத்துவது, எங்காவது அனுப்பினால்தானே நல்லது?

இதற்குப் பதில் சென்னையிலேயே கிடைத்தது. 1956-ல் சேத்துப்பட்டில் டிபிக்கென ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் டிபி என்றால் மாதக்கணக்கில் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் படுக்க வைப்பார்கள், தாம்பரம் சானடோரியம் என்ற பேரே அப்படி வந்ததுதான். நெரிசலான வீடுகளில் இருந்த சென்னை ஏழை நோயாளிகளை இந்த மையம் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்குக் கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாட்டோடு சானடோரியத்தில் மருந்து. இன்னொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலேயே அதே மருந்து. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளிவரத் தொடங்கிய இந்த முடிவுகளுக்குப் பிறகு உலகமே டிபி சிகிச்சையை மாற்றிக்கொண்டது. மாத்திரை விடாமல் உள்ளே போக வேண்டும், ஆள் எங்கே படுக்கிறார் என்பது அதற்கு அடுத்த விஷயம். இதைக் கண்டுபிடித்த ஊரில், வீட்டு எண் இல்லாத ஒருவருக்குப் பதிவுப் படிவத்தைப் பூர்த்தி செய்ய முடியவில்லை என்று சொல்கிறோமே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேன் ஆட்களை நான் எதிர்ப்பது இதனால்தான். என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்த ஒரு பிளாட்பார வாசியை, தெருவைச் சுத்தப்படுத்துகிறோம் என்று பணம் கொடுத்து இப்படித்தான் வேனில் ஏற்றிவிட்டார்கள். அப்போது இரண்டாவது மாதம், இருமல் குறைந்து நன்றாகத் தேறி வந்தார். ஹோம் என்று எதுவும் இல்லை. வேறு ஊர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்து மாதம் கழித்து அவர் எப்படியோ திரும்பி வந்தபோது, வழக்கமான மருந்துக்கு மசியாத டிபியாக அது மாறியிருந்தது. பாதியில் நின்ற சிகிச்சை இப்படித்தான் முடியும். அவருக்கும் கேடு, அவர் மூச்சுக் காற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேடு. மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களில் சேரப் பணம் கிடையாது. அழைத்துப்போகப் பணம் கேட்டாலோ, பெரியவரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வசூல் செய்தாலோ விலகிவிடுங்கள். இன்னொரு வகை ஆளும் உண்டு. டிபி நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துப் பணம் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். ‘பேங்க் கணக்கு நான் திறந்து தருகிறேன் தாத்தா’ என்று வந்து ஏ.டி.எம். கார்டைத் தன் பையில் வைத்துக்கொள்வார். அடையாளச் சான்று இல்லாதவர்களுக்கும் ஒரு போட்டோவும் கைரேகையும் வைத்து ‘சிறு கணக்கு’ திறக்க ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது. நீங்களே கிளைக்குக் கூட்டிப் போங்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்பார்கள், மேலாளரைப் பாருங்கள். கார்டு பெரியவரிடமே இருக்கட்டும்.

காப்பகத்தில் சேர்க்கலாமா என்றால், அவருக்கு விருப்பம் இருந்தால் 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. ஆனால் இருமுகிறவரை வாசலிலேயே வேண்டாம் என்று சொன்ன காப்பகங்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து, சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கேட்டால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அவசரப்பட்டு அவரை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்பதுதான் இதுவரை நான் சொன்னது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் உயிர் போய்விடும். டிபியில் இறப்பவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இறக்கிறார்கள். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் உடம்பு கைவிட்டுவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. அதில் பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம். பிடிமானம் இல்லாமல் அவரால் எழுந்து நிற்க முடிகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள், மூச்சு 24-ஐத் தாண்டுகிறதா? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது யார் வீட்டிலாவது கிடக்கும், அதில் 94-க்குக் கீழே காட்டுகிறதா? எலும்பும் தோலுமாக இருப்பவருக்குக் கால் வீங்கியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சளி முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இருமும்போது ரத்தம் வந்தாலும் அப்படித்தான். கூடவே ஒருவர் ஏறிப் போங்கள். படுக்கை கிடைக்கும்வரை நகராதீர்கள், ‘ஓ.பி.யில் காட்டிட்டுப் போங்க’ என்றால் நீங்கள் எண்ணிய மூச்சுக் கணக்கையும் ஆக்சிமீட்டர் அளவையும் சொல்லிக் கேளுங்கள். தேறியதும் வார்டிலிருந்து வெளியே அனுப்புவார்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் மாத்திரை இல்லாமல் நடந்தே திரும்பி வருவார்.

உங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பயம் வேண்டாம். டிபி காற்றில்தான் பரவுகிறது, அதுவும் பெரும்பாலும் அடைத்த அறையில், நீண்ட நேரம் சேர்ந்து இருப்பவர்களுக்கு. திறந்த வெளியில், வெயில் படும் இடத்தில், கடந்து போகும்போது தொற்றுவது அரிது. தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது அவருக்கு ஒரு மாஸ்க் கொடுங்கள், போதும்.

சரி, ஆறு மாதம் எப்படி ஓட்டுவது? பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம்தான், தினமும் மாத்திரை, எடையைப் பார்த்து எண்ணிக்கை சொல்வார்கள். பிளாட்பாரத்தில் மாத்திரை மழையில் நனையும், பையோடு திருடு போகும். அதனால் அவர் தினமும் டீ குடிக்கும் கடையில் கொடுத்து வையுங்கள். கடைக்காரரை, அல்லது உங்களையே, சிகிச்சை உதவியாளராகப் பதிவு செய்யலாம். முடித்துக் கொடுத்தால் அதற்கு அரசு 1,000 ரூபாய் மதிப்பூதியமும் தருகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. குடிப்பவராக இருந்தாலும் மருந்து மறுக்கப்படக் கூடாது, ஆனால் கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்கவில்லை என்றாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சங்கத்தில் இதுவரை சேர்ந்த பணத்தைச் சாப்பாட்டுக்குத் திருப்புங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்கு இறக்கும் ஆபத்து ஏறக்குறைய 60 சதவீதம் குறைவாக இருந்தது. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். அதோடு தினமும் இரண்டு முட்டை, கொஞ்சம் சுண்டல், ஒரு டம்ளர் பால் போதும். அந்த 5,000 ரூபாய் சில மாதத்துக்கு வரும்.

பதிவானதும் நிக்ஷய் எண் என்று ஒன்று தருவார்கள், அரசின் டிபி பதிவேட்டில் அவருக்கான எண் அது. அதை உங்கள் கைபேசியில் ஒரு தடவையும், கெட்டி அட்டையில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் சட்டைப் பையில் ஒரு தடவையும் வையுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண்ணைக் காட்டி விட்ட இடத்திலிருந்து மருந்தைத் தொடரலாம். ஒரு நாள் காலையில் அவர் தூணடியில் இல்லை என்றால், அன்று மாலைக்குள் சுகாதார நிலையத்துக்கு அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள்.