முகவரியைத் தொட்டால் அவுட்லுக் வந்து நிற்கிறதா?

கேள்வி: இணையதளங்களில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்ற இணைப்பைக் கிளிக் செய்தால் அவுட்லுக் திறந்து, கணக்கு அமைக்கச் சொல்கிறது. நான் பயன்படுத்துவது குரோமில் ஜிமெயில் மட்டும்தான். அவுட்லுக்கை நீக்கிவிட்டால் சரியாகுமா?

பதில்: நீக்க வேண்டாம். நீக்கினாலும் ஜிமெயில் தானாக அந்த இடத்துக்கு வந்துவிடாது.

அந்த இணைப்பின் மேல் மவுஸை வைத்து, ஜன்னலின் கீழ் மூலையைப் பாருங்கள். முகவரிக்கு முன்னால் 'மெயில்டூ' என்று ஒரு சொல்லும் முக்காற்புள்ளியும் தெரியும். 1994-ல் வந்த இணைய முகவரி விதிகளிலேயே இது உண்டு. அஞ்சல் என்றால் கணினியில் நிறுவிய புரோகிராம் என்றிருந்த காலம் அது. ஹாட்மெயிலே 1996-ல்தான் வந்தது. அந்தப் பழக்கத்தில், வேறு யாரும் பொறுப்பேற்காதவரை, பிரௌசர் இந்த இணைப்பை விண்டோஸிடம் தள்ளிவிடுகிறது. விண்டோஸ் அவுட்லுக்கை எழுப்புகிறது. ஆக, பொறுப்பை ஜிமெயிலிடம் ஒப்படைக்க வேண்டும்.

குரோமில் ஜிமெயிலைத் திறந்து, முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைக் கவனியுங்கள். ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு சாய்சதுரங்கள் போல ஒரு சின்ன ஐகான் இருக்கும். அதை அழுத்தினால், எல்லா மின்னஞ்சல் இணைப்புகளையும் இந்தத் தளமே திறக்கலாமா என்று கேட்கும். 'அலோ' கொடுங்கள். வேலை முடிந்தது.

ஐகானே இல்லையா? பெரும்பாலும் முன்பொரு நாள், என்ன ஏதென்று பார்க்காமல் 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பீர்கள். நாம் எல்லோரும் செய்வதுதான். குரோம் அதை மறக்காது, மறுபடி கேட்கவும் கேட்காது. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'அடிஷனல் பெர்மிஷன்ஸ்', கடைசியாக 'புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ்' என்று போங்கள். இவ்வளவு ஆழத்தில் ஏன் புதைத்தார்களோ! அங்கே தளங்கள் அனுமதி கேட்கலாம் என்ற தேர்வு இயக்கத்தில் இருக்க வேண்டும். தடுக்கப்பட்ட பட்டியலில் ஜிமெயில் இருந்தால் அதை எடுத்துவிட்டு, ஜிமெயில் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ஐகான் திரும்பி வரும்.

பயர்பாக்ஸ் இதில் நேர்வழி. செட்டிங்ஸின் 'ஜெனரல்' பகுதியில் 'அப்ளிகேஷன்ஸ்' பட்டியல் இருக்கும். அதில் மெயில்டூ வரியில் ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்தால் போதும். மேக்கில் சஃபாரிக்கு இந்த வசதி கிடையாது.

சரி, பிரௌசரில் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் வேர்ட் கோப்பிலோ பிடிஎஃப்பிலோ உள்ள முகவரியை அழுத்தினால் மறுபடி அவுட்லுக் வரலாம். பலர் குழம்புவது இங்கேதான். அந்த இணைப்பு குரோமிடம் வருவதே இல்லை, நேரே விண்டோஸுக்குப் போகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் ஆப்ஸ்' பக்கத்துக்குப் போய், இணைப்பு வகைகளில் மெயில்டூவைத் தேடி, அதற்குக் குரோமைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் விண்டோஸ் குரோமிடம் கொடுக்கும், குரோம் ஜிமெயிலிடம் கொடுக்கும்.

ஒரே பிரௌசரில் அலுவலகக் கணக்கு, சொந்தக் கணக்கு இரண்டும் வைத்திருப்பவரா நீங்கள்? இணைப்பு வழக்கமாக முதலில் லாகின் செய்த கணக்கில்தான் திறக்கும். 'ஃப்ரம்' வரியைப் பார்க்காமல் அனுப்பினால், வேலைக்கான விண்ணப்பம் இப்போதைய அலுவலக முகவரியிலிருந்தே போய்ச் சேர்ந்துவிடும். கணக்குக்கு ஒரு குரோம் ப்ரொஃபைல் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அனுமதி கொடுப்பதே என் யோசனை.

இதெல்லாம் அடுத்தவர் கணினியில் செய்ய முடியாது. அங்கே இணைப்பை ரைட் கிளிக் செய்து 'காப்பி இமெயில் அட்ரஸ்' கொடுங்கள். முகவரி மட்டும் நகலாகும், ஜிமெயிலில் ஒட்டிக்கொள்ளலாம்.